குள்ளனின் பீரோக் கண்ணாடி

நிசார் அகமது ஐந்து நாளாகக் கார் ட்யூபின் மேல் உட்கார்ந்துதான் சாப்பிட்டான். பாப்பிரெட்டிப்பட்டி பேருந்து நிலையத்துக்கு எதிரே இருக்கும் பஞ்சர் கடையில் அதைக் கேட்டு வாங்கி, பாதி காற்று அடித்து, மேலே பழைய போர்வை ஒன்றை மடித்துப் போட்டுக் கொடுத்தவள் அவன் மனைவி நஜ்மா. உட்காரும்போது அவன் முகம் ஒரு மாதிரி கோணும். எழுந்திருக்கும்போது வேறு மாதிரி கோணும். நடுவில், தட்டில் சோறு இருக்கிற வரைக்கும், ஒன்றுமே நடக்காதவன் போல ஊர்க்கதை பேசுவான்.

“தொடையில பட்ட காயத்துக்கு ட்யூப் எதுக்குடா?” என்று அவன் அம்மா ரஹமத் பீவி முதல் நாளே கேட்டாள்.

“தொடை முடியற எடம்மா,” என்றான்.

ரஹமத் பீவி ஆட்டுக்கால் சூப்பை இன்னொரு கரண்டி ஊற்றினாள்.

காயம் தொடையில் இல்லை என்பது வீட்டில் நஜ்மாவுக்கு மட்டும்தான் தெரியும். அதுவும் அவன் சொல்லவில்லை. அன்று சாயங்காலம் அவன் வேறு யாருடைய வேட்டியையோ சுற்றிக்கொண்டு, கால்களை அகட்டி வைத்து, வாத்து மாதிரி நடந்து வந்ததைப் பார்த்தே தெரிந்துகொண்டாள். கதவைச் சாத்தியதும், “அங்கயா?” என்று கேட்டாள். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு தலையாட்டினான். “அம்மாகிட்ட சொல்லாத. யாருகிட்டயும் சொல்லாத. மூணு தையல்தான், ஒரு வாரத்துல ஆறிரும்.” அவளும் சரி என்றாள்.

நடந்தது இதுதான். நிசாருக்குக் கண்ணாடிக் கடை. ஜன்னல் கண்ணாடி, படத்துக்குச் சட்டம், பீரோவுக்கு முகம் பார்க்கும் கண்ணாடி எல்லாம் அளவுக்கு வெட்டிக் கொடுப்பான். சித்தேரி மலையிலிருந்து குள்ளன் என்ற விவசாயி வந்து பீரோக் கண்ணாடி ஒன்று கேட்டார். பழையதை அவருடைய ஆட்டுக்கடா உடைத்துவிட்டது. கண்ணாடிக்குள் இன்னொரு கடா நிற்பதைப் பார்த்துப் பின்வாங்கி ஓடிவந்து முட்டியதாம். நிசார் மூன்றடி உயரத்துக்குப் புதுக் கண்ணாடி வெட்டி, தன் மொபெட்டில் குள்ளனையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினான். கண்ணாடி கொண்டுபோவதில் ஒரு முறை இருக்கிறது. பின்னால் உட்காருபவர்தான் அதை நிமிர்த்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். குள்ளன் பிடித்துக்கொண்டுதான் வந்தார். இரண்டு கிலோமீட்டர் போவதற்குள், “பாய், கண்ணாடியில ரோடு பின்னால ஓடுது. எனக்கு வாந்தி வருதுங்க,” என்றார். திருப்பிப் பிடித்தால் காற்றுக்குக் கை நிற்கவில்லை. நிசார் வண்டியை நிறுத்தி, கண்ணாடியை வாங்கி, சாக்கைக் கீழே மடித்துப் போட்டுத் தன் இரண்டு முழங்கால்களுக்கு நடுவில் நிறுத்திக்கொண்டான். பத்து வருடத் தொழிலில் அவன் செய்யாத காரியம். மலையடிவாரத்தில் புதிதாகப் போட்ட வேகத்தடை ஒன்று வெள்ளைக்கோடு இல்லாமல் கிடந்தது. பிரேக் பிடித்ததும் கண்ணாடி ஹேண்டில்பாரில் மோதி நடுவில் முறிந்தது. சீட்டிலிருந்து முன்னால் சறுக்கிய நிசார், முறிந்து நின்ற பாதியின் மேலேயே போய் உட்கார்ந்தான்.

வழியில் இருந்த ஒரு சின்ன கிளினிக்கில் உள்ளே இருந்த கண்ணாடித் துண்டு ஒன்றை எடுத்து, தையல் போட்டு, டிடி ஊசியும் மாத்திரையும் கொடுத்து அனுப்பினார்கள்.

ஐந்தாம் நாள் காலையில் நிசாருக்கு உடம்பு கொதித்தது. வெயில் சூடு என்றான். மார்கழி மாதம்.

அன்றைக்குக் கடையைத் திறந்தது நஜ்மாதான். திருமணமாகிப் பத்து மாதத்தில் அவள் கண்ணாடி வெட்டும் வைரம் பிடித்து நேர்க்கோடு இழுக்கவும், சட்டத்துக்கு மூலை சேர்க்கவும் கற்றிருந்தாள். அளவு எடுப்பதில் அவனைவிட அவள் கைதான் சுத்தம் என்று அவனே வாடிக்கையாளர்களிடம் சொல்லுவான். மூலையில், உடைந்த கண்ணாடியை அள்ளி வந்த அந்தச் சாக்கு கிடந்தது. உடைந்த கண்ணாடியை நடக்கிற வழியில் விட்டுவிட்டு வருவது அவர்கள் கடையில் பெரிய பாவம். பெரிய துண்டாகக் கிடைத்தால் வெட்டிச் சின்னக் கண்ணாடி ஆக்கலாம் என்பது அடுத்த கணக்கு. நஜ்மா சாக்கை அவிழ்த்து, வெட்டுமேசையில் விரித்திருந்த கம்பளியின் மேல் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள்.

வெட்டத்தான் உட்கார்ந்தாள். ஆனால் அவள் விரல்கள் வெட்டவில்லை, சேர்த்துக்கொண்டிருந்தன. ஏன் இதைச் செய்கிறோம் என்று பாதியில் தன்னையே கேட்டுக்கொண்டாள். வந்த பதில் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. ஐந்து நாளாக அவன் குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு தானே பஞ்சு மாற்றிக்கொள்கிறான். காயத்தைப் பார்க்க அவளுக்கு அனுமதி இல்லை. கேட்கவும் வாய் வரவில்லை. பத்து மாதம் ஒரே பாயில் படுத்தும், விளக்கணைத்த பிறகுதான் அவர்களுக்கு உடம்பு என்று ஒன்று இருந்தது. யாரோ பேர் தெரியாத கிளினிக்காரர் வெளிச்சத்தில் பார்த்துவிட்டார். வேட்டியைக் கிழித்துக் கட்டிய குள்ளன் பார்த்துவிட்டார். தான் மட்டும் பார்க்கவில்லை என்பது ஒரு பொறாமை மாதிரி உள்ளே உட்கார்ந்திருந்தது. காயத்தைப் பார்க்க முடியாதவள், காயப்படுத்தியதையாவது பார்க்கலாம் என்று வந்திருக்கிறாள் போலும். இப்படி நினைத்ததும் அவளுக்கே சிரிப்பு வந்தது. ஒரு பீரோக் கண்ணாடியைப் போய் சக்களத்தி மாதிரி விசாரித்துக்கொண்டிருந்தாள்.

துண்டுகள் ஒன்றோடொன்று பொருந்திக்கொண்டு வந்தன. ஓரத்தில் பொடியாக உதிர்ந்தது போக, கண்ணாடி உடைந்தால் விளிம்பு பொய் சொல்லாது. மேல்பாதி முழுதாக வந்தது. கீழ்ப்பாதியில், முறிந்த இடத்தில், மூன்று இடைவெளி இருந்தது.

ஒன்றுக்கு அவளிடம் விடை இருந்தது. துவைக்கப் போட்ட சட்டைப் பையில் பஞ்சில் சுற்றிய ஒரு துண்டு இருந்தது. கிளினிக்கில் எடுத்ததையும் பழக்க தோஷத்தில் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வந்திருக்கிறான். கழுவி, கடையில் ஒரு டப்பாவில் வைத்திருந்தாள். கொண்டுவந்து வைத்ததும் சரியாக உட்கார்ந்தது.

மீதி இரண்டு இடைவெளிகள். ஒன்று பாகற்காய் விதை அளவில், ஒரு பக்கம் கூராக. இன்னொன்று அதைவிட மெல்லியது, நீளமானது, நகவெட்டியின் அரம் மாதிரி. நஜ்மா சாக்கைத் தலைகீழாக உதறினாள், ஒன்றும் விழவில்லை.

அப்போதுதான் வாசலில் நிழல் தட்டியது. தோளில் சீத்தாப்பழக் கூடையோடு குள்ளன் நின்றார்.

“பாய் எப்படி இருக்காருங்க, பாயம்மா?”

“இருக்காருங்கண்ணா. உங்க கண்ணாடிதான் இன்னும் வெட்டல.”

“கண்ணாடி மெதுவா ஆகட்டுங்க. எங்க கடாவுக்குத்தான் அவசரம். எதிராளியக் காணோமின்னு பீரோவச் சுத்திச் சுத்தி வருது.”

நஜ்மா சிரிக்க முயன்றாள். “அண்ணா, அன்னிக்குத் துண்டெல்லாம் நீங்கதானே பொறுக்கினீங்க? ஒண்ணு ரெண்டு வுட்டுப்போயிருக்குமா?”

குள்ளனுக்கு முகம் சுருங்கிவிட்டது. “என்ன பாயம்மா இப்படிக் கேட்டுட்டீங்க. எங்க சனம் செருப்பில்லாம நடக்கற வழிங்க அது. அந்த நிலைமையிலயும் பாய், ‘ஒரு துண்டு கெடந்தாலும் நான் வண்டி ஏற மாட்டேன்’னு நிக்கறாரு. தார் ரோடு. மண்ணுன்னாத்தான் பொதைஞ்சுபோகும். பக்கத்து வூட்டுல வெளக்குமாறு வாங்கியாந்து கூட்டி, குந்திக்கிட்டுப் பொறுக்கினேன். கோழிகூட அப்படிப் பொறுக்காதுங்க.” கூடையை இறக்கி வைத்து, மேசையை எட்டிப் பார்த்தார். இரண்டு இடைவெளிகளையும் பார்த்தார். “அப்படின்னா அது பாய்கிட்டத்தான்...” என்று தொடங்கி, நாக்கைக் கடித்துக்கொண்டார். “நான் ஒண்ணும் பாக்கலீங்க.”

“பாத்தீங்கண்ணா. பரவால்ல.”

“யாருகிட்டயும் சொல்லலீங்க. எம்பொண்டாட்டி மாதம்மாகிட்ட மட்டுந்தான்.”

“அவங்க?”

“அவ வாயத் தொறக்க மாட்டா. மலையில பாதிப் பேருக்குத்தான் தெரியும்.”

நஜ்மாவுக்கு இந்த முறை சிரிப்பு தானாக வந்தது. கூடவே கண்ணும் கலங்கியது. வாடிக்கையாளர் வீட்டு ஜன்னலுக்கு மாதிரி எடுப்பதுபோல, இடைவெளிகளின் மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் விளிம்பை வரைந்தாள். அதை அட்டையில் ஒட்டி, கத்தரிக்கோலால் சுற்றி வெட்டினாள். இரண்டு அட்டைகள். குள்ளனைக் கடைக்குக் காவல் வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தாள்.

நிசார் கம்பளி போர்த்திப் படுத்திருந்தான். அட்டைகளை அவன் மார்பின் மேல் வைத்தாள்.

“என்ன இது?”

“உங்களுக்குள்ள இருக்கறது.”

அவன் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தான். தொழில்காரன் ஆயிற்றே, பார்த்ததும் புரிந்துவிட்டது. ஆனாலும் திருப்பிக் கொடுத்தான். “ரோட்டுல கெடக்கும்.”

“குள்ளண்ணன் வந்திருந்தாரு. கூட்டிப் பொறுக்கினாராம். கெளம்புங்க, தர்மபுரிக்குப் போலாம். பெரியாஸ்பத்திரியில காட்டலாம்.”

“ஒண்ணும் வேணாம். நாளைக்கு எறங்கிரும்.”

“வீக்கம் எறங்குச்சா?”

அவன் கம்பளியைக் கொஞ்சம் மேலே இழுத்துக்கொண்டான்.

“எவ்வளவு இருக்கு? எலுமிச்சம்பழமா, ஆரஞ்சா?”

“பழக்கடையா நடத்தற?” என்றான் எரிச்சலாக. அப்புறம் குரல் இறங்கியது. சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னான். “அங்க போனா மொத்தமா எடுத்துருவாங்க நஜ்மா. கிளினிக்லயே ஒருத்தரு அப்படித்தான் பேசிக்கிட்டிருந்தாரு. எடுத்துட்டாங்கன்னா... நீ என்ன பண்ணுவ?”

அவனுக்கு வலியைவிடப் பெரிதாக ஒன்று இருந்திருக்கிறது. ஐந்து நாளாக, ட்யூபின் மேல் உட்கார்ந்து ஊர்க்கதை பேசிய நேரமெல்லாம், இந்தக் கேள்வியின் மேல்தான் உட்கார்ந்திருந்திருக்கிறான். நான் என்ன பண்ணுவேன்? நஜ்மா நிஜமாகவே யோசித்துப் பார்த்தாள். இந்த ஆளோடுதான் இருப்பேன் என்பதில் சந்தேகம் ஒன்றும் தட்டுப்படவில்லை. குழந்தை வேண்டும் என்ற ஆசையும் அங்கேயே, அதே அளவில் இருந்தது. இரண்டும் ஒன்றையொன்று தள்ளாமல் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. இதையெல்லாம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

“நீங்க இப்படியே படுத்திருந்தாத்தான் எடுக்க வேண்டி வரும்,” என்று மட்டும் சொன்னாள்.

“அம்மாவுக்குத் தெரிஞ்சா...”

“தெரிஞ்சா என்னடா?” ரஹமத் பீவி வாசற்படியில் நின்றாள். கையில் சூப்புக் கிண்ணம். “சுன்னத் பண்ண அன்னிக்கு உன்னய மடியில வச்சிருந்தவ நானு. எங்கிட்ட வந்து தொடைங்கறான். ரத்தம் பட்ட லுங்கிய எவ தொவச்சா? கிழிசல் எந்த எடத்துல இருக்குதுன்னு எனக்குப் பாக்கத் தெரியாதா?”

நிசார் கம்பளியைத் தலைவரை இழுத்துக்கொண்டான்.

“அப்புறம் ஏன் மாமி கேக்கல?” என்றாள் நஜ்மா.

“நீ சொல்லுவேன்னு நான் இருந்தேன். நான் கேப்பேன்னு நீ இருந்த. நடுவுல இவன் சீழ் புடிச்சுக் கெடக்கறான். போயி ஆட்டோவக் கூப்புடு புள்ள. டேய், எந்திரி. இனிமே சொட்டு சூப்பு கெடையாது.”

ஆட்டோ, பிறகு பேருந்து வேண்டாம் என்று கார். தர்மபுரி அரசு மருத்துவமனையின் சீட்டுக் கொடுக்கும் ஜன்னலில், என்ன பிரச்சினை என்று கேட்டார்கள். நிசார் மேலே சுற்றிய மின்விசிறியைப் பார்த்தான். ரஹமத் பீவி மகனைப் பார்த்தாள். பின்னால் வரிசையில் இருபது பேர். நஜ்மாவுக்கு அந்தச் சொல்லை வாழ்க்கையில் ஒருமுறைகூட உரக்கச் சொன்ன நினைவில்லை. வீட்டில் அதற்கு ‘அங்க’ என்று பெயர். அங்கே என்று எழுதிக்கொண்டு எந்த டாக்டரிடம் அனுப்புவார்கள்?

“விதைப்பையில கண்ணாடித் துண்டு. ரெண்டு,” என்றாள்.

வரிசையில் யாரோ “ஸ்ஸ்” என்றார். வேறொன்றும் ஆகவில்லை. ஜன்னல்காரர் எழுதிச் சீட்டை நீட்டினார், அவ்வளவுதான். இதற்குத்தானா இத்தனை நாள் என்று இருந்தது அவளுக்கு.

அறுவை சிகிச்சை டாக்டர் சத்யராஜுக்கு நாற்பது வயது இருக்கும். திரைக்குப் பின்னால் நிசாரைப் பரிசோதித்துவிட்டு வந்து கை கழுவினார். எக்ஸ்ரே எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். படத்தை அவர் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தபோது, நஜ்மா கேட்காமலேயே பக்கத்தில் போய் நின்று, பாகற்காய் விதை அட்டையைப் படத்தின் மேல் வைத்தாள். வெள்ளையாகத் தெரிந்த துண்டும் அட்டையும் ஒரே சாயல்.

டாக்டர் அட்டையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். “இது எங்கிருந்தும்மா வந்துச்சு?”

சொன்னாள். நர்ஸ் சகாயமேரி சிரிப்பை அடக்க ஊசிப் பெட்டியை எதற்கோ திறந்து மூடினார்.

“இன்னொண்ணும் இருக்குதுங்க சார்,” என்று இரண்டாவது அட்டையை நீட்டினாள்.

“படத்துல ஒண்ணுதாம்மா தெரியுது. ஸ்கேன்லயும் ஒண்ணுதான். சுத்தி சீழ் கட்டியிருக்கு, இன்னிக்கே திறந்து எடுத்தாகணும். அந்த இன்னொண்ணு ரோட்டுலயே விழுந்திருக்கும்.”

“விழலீங்க சார்.”

“எப்படிச் சொல்றீங்க?”

அவளிடம் இருந்தது குள்ளனின் விளக்குமாறும், வெட்டுமேசை மேல் கிடந்த ஒரு இடைவெளியும்தான். படித்த டாக்டர், இயந்திரம் எடுத்த படம். இவர்களுக்கு எதிரில் அட்டையோடு நிற்பது அசட்டுத்தனமாகத்தான் தோன்றியது. ஆனால் கண்ணாடி விஷயத்தில் தனக்குத் தெரிந்தது தனக்குத் தெரியும் என்ற ஓர் உறுதி காலுக்கடியில் தரைபோல இருந்தது. அதன்மேல் நின்றுகொண்டாள்.

“அளவு எடுத்தேங்க சார். வெட்டின கண்ணாடி எவ்வளவோ அவ்வளவும் மேசையில இருக்கு. இது ரெண்டும்தான் இல்ல.”

“சரி, பாக்கறேன்,” என்றார் டாக்டர். எல்லோருக்கும் சொல்கிற ‘பாக்கறேன்’. அட்டையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு ஒப்புதல் தாளைக் கொடுத்து, உள்ளே என்ன நிலைமை என்று திறந்தால்தான் தெரியும், விதை கெட்டிருந்தால் ஒரு பக்கம் எடுக்க வேண்டியும் வரலாம் என்று நிதானமாக விளக்கினார். நிசார் கையெழுத்துப் போட்டான். பேனாவைத் திருப்பிக் கொடுத்தான். நஜ்மா வெளிச்சத்தில், மாமியார் முன்னால், டாக்டர் முன்னால், அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அவனும் விடுவிக்கவில்லை.

முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போக வைப்பார்கள், ஆள் முழித்துக்கொண்டுதான் இருப்பார் என்று சகாயமேரி சொன்னார்.

“முழிச்சிருப்பானா?” என்றாள் ரஹமத் பீவி. “அப்ப டாக்டரு பாடு கஷ்டந்தான். பேசியே ஓய்ச்சுருவான்.”

கதவு மூடியது. வெளியே இரும்பு பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தார்கள். ரஹமத் பீவியின் உதடுகள் ஓதிக்கொண்டிருந்தன. நஜ்மாவும் ஓத நினைத்தாள். ஆனால் மனம் போய்ப் போய் அந்த மெல்லிய இடைவெளியில் நின்றது. இரண்டாவது துண்டு உள்ளே இல்லாமல் இருக்க வேண்டும் என்று வேண்டுவதா, இருந்து கிடைக்க வேண்டும் என்று வேண்டுவதா? இல்லை என்றால் தன் கை தப்பு. இருந்தும் கிடைக்காவிட்டால், தையல் போட்டு மூடியபின் அது உள்ளே இருந்துகொண்டு என்ன செய்யும்? தன் அளவு தப்பாக இருக்கட்டும் என்று முதலில் வேண்டினாள். அப்புறம் அது நேர்மை இல்லை என்று பட்டது. உள்ளது எதுவோ அது வெளியே வரட்டும் என்று மாற்றிக்கொண்டாள்.

முக்கால் மணி கழித்துச் சகாயமேரி ஒரு சின்னக் கிண்ணத்தோடு வெளியே வந்தார். “கெடச்சிருச்சும்மா. சீழெல்லாம் எடுத்தாச்சு.”

கிண்ணத்தில் கூர்முனையோடு பாகற்காய் விதை. ரஹமத் பீவி “அல்ஹம்துலில்லாஹ்” என்றாள்.

“இன்னொண்ணு சிஸ்டர்?”

“அதத் தேடிப் பாத்தாரும்மா. இல்ல. தையல் போடப் போறாரு.”

“சிஸ்டர், தயவு பண்ணி ஒரு தடவ சொல்லுங்க. மெல்லிசா, நீளமா இருக்கும். அந்த அட்டை அவரு சட்டைப் பையில இருக்குது.”

சகாயமேரி தலையாட்டினார். பிறகு உள்ளே போனார். கதவு ஆடி ஆடி நின்றது.

அதற்குப் பிறகு இருபது நிமிடம். ரஹமத் பீவி மருமகளின் முழங்காலில் கை வைத்தாள். அந்தக் கை அங்கேயே இருந்தது. எதிர்ச் சுவரில் தாய்ப்பால் விளம்பரத்தில் ஒரு குழந்தை சிரித்துக்கொண்டிருந்தது. நஜ்மா அதைப் பார்க்காமல் இருக்க முயற்சி செய்யவில்லை.

இந்த முறை டாக்டரே வந்தார். முகக்கவசத்தைக் கீழே இறக்கியபோது உள்ளே சிரிப்பு இருந்தது. கிண்ணத்தில் நகவெட்டி அரம் மாதிரி ஒன்று, ஒரு பக்கம் ரசம் பூசியது, பளபளவென்று கிடந்தது.

“பின்பக்கமா நகர்ந்து போயி, இடுப்பெலும்புக்கு அடியில ஒளிஞ்சிருந்துச்சும்மா. படத்துலயும் ஸ்கேன்லயும் எலும்பு மறைச்சிருச்சு. நான் ஊசியில நூல் கோத்துட்டேன். சிஸ்டர் வந்து நீங்க கேக்கறதாச் சொன்னாங்க. அதுக்கும் நான், இல்லம்மா, தேடியாச்சுன்னேன். உங்க வீட்டுக்காரருதான் மேசையில படுத்துக்கிட்டே, ‘சார், எம்பொண்டாட்டி அளவெடுத்தா தப்பாதுங்க. எனக்குத் தப்பும், அவளுக்குத் தப்பாது’ன்னாரு. சரி, இவ்வளவு சொல்றாரேன்னு விரலை விட்டுப் பின்னால தடவிப் பாத்தேன்.”

“எடுத்துட்டீங்களா சார்...?” ரஹமத் பீவிக்குக் கேட்க வேண்டியது வேறொன்று. நஜ்மா முடித்து வைத்தாள். “விதை?”

“ரெண்டும் பத்திரம். அரை அங்குலம் தள்ளிப் போயிருக்கு கண்ணாடி. இன்னும் நாலு நாள் விட்டிருந்தா இப்படிச் சொல்லியிருக்க மாட்டேன்.”

ரஹமத் பீவி மறுபடி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். அழுகிறாளோ என்று நஜ்மா குனிந்து பார்த்தாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். “வாயாடி வாயாடின்னு அவன இத்தன வருஷம் திட்டியிருக்கேன்,” என்றாள்.

மூன்றாம் நாள் காலையில் கட்டு மாற்ற வந்த சகாயமேரி, “வூட்டுக்குப் போனா யார் பண்ணுவா? நீங்களே கத்துக்குங்க,” என்று நஜ்மாவைத் திரைக்குள் கூப்பிட்டார். நிசார் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான். ஜன்னல் வழியாக வெயில் நேராகக் கட்டில் மேல் விழுந்துகொண்டிருந்தது. நஜ்மா பார்த்தாள். பயந்த அளவுக்கு ஒன்றும் இல்லை. நீலமும் மஞ்சளுமாக வீங்கிக் கிடந்தது, நடுவில் கறுப்பு நூல். பாவமாக இருந்தது, கொஞ்சம் வேடிக்கையாகவும் இருந்தது. இத்தனை கூச்சமும் இத்தனை பயமும் கடைசியில் இந்தச் சின்ன உடம்புச் சதைக்காகத்தானா என்று ஓர் அன்பு வந்தது. அந்த அன்பை இருட்டில் அவள் அறிந்திருக்கவில்லை.

“தையல் நேரா இருக்கா?” என்று கண்ணைத் திறக்காமல் கேட்டான் நிசார்.

“ஒரு எடத்துல கோணல். டாக்டருக்கு மூலை சேக்க வரல.”

அவன் சிரித்தான். சிரித்ததும் வலித்தது. “சிரிக்க வைக்காத,” என்று கெஞ்சினான். அதற்கு மூன்று பேரும் சிரித்தார்கள்.

சாயங்காலம் பார்வையாளர் நேரத்தில் ரஹமத் பீவியின் தம்பி கரீம் மாமா வந்தார். ஐம்பத்தைந்து வயது. கனத்த உடம்பு, கனத்த குரல். இரண்டு வருடமாக முட்டிவலி என்று பள்ளிவாசலில் நாற்காலி போட்டுத் தொழுகிறவர். ஆப்பிள் பையை வைத்துவிட்டு, சுற்றி இருந்த எட்டுக் கட்டிலுக்கும் கேட்கிற மாதிரி, “என்னடா மாப்ள, தொடையில கண்ணாடின்னாங்க. தொடைக்கு ஆபரேஷனா?” என்றார்.

நஜ்மா நிசாரைப் பார்த்தாள். ஏதாவது ஒரு பொய்யைத் தானே எடுத்துக்கொடுக்கலாமா என்று வாய் திறந்தாள். அதற்குள் அவன் சொல்லிவிட்டான்.

“தொடையில்ல மாமா. விதைப்பையில. ரெண்டு துண்டு எடுத்தாங்க. இவதான் கண்டுபுடிச்சா.”

பக்கத்துக் கட்டில்காரர் செய்தித்தாளை இறக்கினார். கரீம் மாமா ஸ்டூலை இழுத்துப் போட்டு மெதுவாக, ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்தார். அப்படிச் சாய்ந்து உட்காருவதை நஜ்மா ஐந்து நாள் பக்கத்தில் இருந்து பார்த்திருந்தாள்.

“வலிச்சுதா?” என்றார், அவருடையது இல்லாத சின்னக் குரலில்.

“முன்னாலதான் மாமா. ஆபரேஷன்ல ஒண்ணுமே தெரியல. பேசிக்கிட்டே இருந்தேன்.”

“எடுத்துருவாங்கன்னு சொல்றாங்களே.”

“எதையும் எடுக்கல. எடுக்க வேண்டியத மட்டுந்தான் எடுத்தாங்க.”

மாமா ஜன்னலுக்கு வெளியே நின்ற வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார். “அந்த டாக்டரு... எந்தக் கெழம வருவாரு?”

“நஜ்மாகிட்டக் கேளுங்க மாமா. இந்த ஆஸ்பத்திரில எங்க என்ன பேசணும்னு எல்லாம் அவளுக்குத்தான் தெரியும்.”

மாமா அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. ஆனால் எழுந்தும் போகவில்லை. நஜ்மா ஆப்பிள் பையை ஓரமாக நகர்த்தி, கட்டிலின் விளிம்பில், அவர் முகம் பார்க்க வேண்டிய அவசியம் இல்லாதபடி மரத்தின் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தாள்.

“வீக்கமா மாமா, வலியும் இருக்கா?”

“வீக்கந்தாம்மா,” என்றார் கரீம் மாமா மரத்திடம். “முட்டியில ஒண்ணும் இல்ல.”